2024–25: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, உங்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

காது மந்தமான மூத்தவர்களுக்காக நடக்கும் நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். அறிக்கையின் பிரதி ஒவ்வொருவர் நாற்காலியிலும் இருக்கிறது. நான் வாசிக்கும்போது ஒரு சொல் தவறினாலும் கண்ணால் பிடித்துக்கொள்ளலாம். செவிக்கருவி போட்டிருப்பவர்கள் இப்போதே அதை ‘டி’ நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பதினொன்று நடந்தன. ஒன்று மழையால் நின்றது. செயற்குழு ஆறு முறை கூடியது. உலகச் செவித்திறன் நாளான மார்ச் 3 அன்று இலவச செவிப் பரிசோதனை முகாம் நடத்தினோம். காலை நடைக் குழு தடையில்லாமல் நடக்கிறது. கேரம், சதுரங்கப் போட்டிகள் முடிந்து பரிசும் கொடுத்தாயிற்று. புத்தக அலமாரிக்குக் கதவு போடப்பட்டது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூன்று உறுப்பினர்களுக்கு நம் அஞ்சலி.

இனி லூப் விஷயம், அதாவது மைக்கில் பேசுவதை நேரே நம் கருவிக்குள் கொண்டுசேர்க்க இந்தக் கூடத்தில் போட்ட கம்பி வளையம். இதற்கு நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பொதுக்குழுவில் விதித் திருத்தத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தோம். அன்று மாலை ஒரு மூத்த உறுப்பினர் என்னிடம் வந்து, “பக்கத்துல இருந்தவர் கையைத் தூக்கினாரு, நானும் தூக்கினேன், எதுக்குன்னு தெரியலை தம்பி” என்றார். அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள் என்று விசாரித்தபோது தெரிந்தது. காது கேளாதவர்களுக்காகவே இருக்கும் சங்கத்தில், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒருவர் கை தூக்கவேண்டி வந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிரவு தூங்கவும் இல்லை.

“எல்லாரும்தான் மிஷின் போட்டிருக்கிறோமே, அப்புறம் என்ன?” என்று சிலர் கேட்டார்கள். கருவி போட்டவர்களுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசினால் அது நன்றாக வேலை செய்யும். பேசுபவர் பத்தடி தள்ளிப் போனால், மேலே மின்விசிறி ஓடினால், சுவரில் பட்டுக் குரல் எதிரொலித்தால், கருவி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காதுக்குள் கொண்டுவரும். நாற்காலி நகர்த்தும் சத்தமும் தலைவர் பேச்சும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

“ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வை, போதும்” என்பது இன்னொரு யோசனை. வயதாகும்போது பெரும்பாலும் காதின் உட்பகுதியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் தேய்ந்துபோகின்றன. அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, உச்ச சுருதி ஒலிகள். க, ச, த, ப போன்ற மெய்யொலிகளுக்கு அந்த உச்ச சுருதிதான் உயிர். அதனால் கட்டு, தட்டு, பட்டு மூன்றும் நம் காதில் வெறும் ‘அட்டு’ என்றே விழுகின்றன. ‘காதுல விழுது, ஆனா புரியலை’ என்று நாம் எல்லோரும் வீட்டில் சொல்லும் வாக்கியத்தின் அர்த்தம் இதுதான். சத்தத்தைக் கூட்டினால் அந்த ‘அட்டு’ பெரிய ‘அட்டு’ ஆகுமே தவிர ‘தட்டு’ ஆகாது. போதாததற்கு, மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெரிய சத்தம் சீக்கிரமே வலியாகிவிடும்.

லூப், கூடத்தின் இரைச்சலையும் தூரத்தையும் தவிர்த்துவிட்டுப் போகும் வழி. கூடத்தின் நான்கு ஓரமும் தரையோடு தரையாக ஒரு செம்புக்கம்பி ஓடுகிறது. பேசுபவரின் மைக்கிலிருந்து ஒரு பெருக்கி வழியாக அந்தக் கம்பிக்கு மின்சாரம் போகிறது. அது கூடம் முழுக்க ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பல கருவிகளுக்குள் டெலிகாயில் என்று ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. கருவியை ‘டி’யில் வைத்தால் அதன் சொந்த மைக் அடங்கி, அந்தச் சுருள் காந்தப்புலத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறி இல்லை, எதிரொலி இல்லை. கடைசி வரிசையில் இருந்தாலும் பேசுபவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காது இருப்பது போலத்தான்.

இந்தத் திட்டம் செயலாளரின் சொந்த ஆசை என்று ஒரு பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். ஆமாம், என் ஆசைதான். ஒன்பது வருடமாக இரண்டு காதிலும் கருவி போடுகிறேன். அதற்கு முன்னால் நாலு வருடம், கூட்டத்தில் யாராவது சிரித்தால் நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வருடம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்று நினைப்பதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலை சுலபமாக முடியவில்லை. கம்பி போட்ட முதல் நாள், ‘டி’க்கு மாற்றினால் காதுக்குள் ‘உர்ர்ர்’ என்று ஓயாத ஒரு இரைச்சல். போட்டுக் கொடுத்தவர்கள் கருவியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் பொருளாளரும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து அணைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் மாலை, மேடைக்கு மேலே இருந்த பழைய டியூப்லைட்டை அணைத்ததும் இரைச்சல் நின்றது. அதன் சோக்குதான் காரணம். மின்சாதனங்களின் காந்தப்புலத்தையும் அந்தச் சுருள் விடாமல் பிடிக்கும் என்பதை அன்றுதான் அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். விளக்கை மாற்றினோம்.

அடுத்த வாரம் சோதனைக் கூட்டம். பல ஆண்டுகளாகக் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாகவே உட்காரும் அம்மா ஒருவர் வந்திருந்தார். அவருக்கு நானே கருவியின் பொத்தானை அழுத்தி ‘டி’க்கு மாற்றிக் கொடுத்தேன். தலைவர் மைக்கின் முன் நின்று காகிதத்தைப் புரட்டினார். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை. அந்த அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “காகிதம் கேக்குதுப்பா” என்றார். அப்புறம் கூட்டம் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். இத்தனை காலம் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது நமக்குத்தான் தெரியும்.

இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். தலையை அதிகம் சாய்த்தால் சுருளின் திசை மாறி சத்தம் குறையும். வருகைப் பதிவேட்டில் குனிந்து கையெழுத்துப் போடும்போது பேச்சு மங்கினால் பயப்படவேண்டாம், நிமிர்ந்தால் சரியாகிவிடும். இன்னொன்று, எல்லாக் கருவியிலும் டெலிகாயில் இருக்காது, காதுக்குள்ளேயே மறையும் சின்னக் கருவிகள் பலவற்றில் இடமே இல்லை. ஆனால் நம் உறுப்பினர்கள் பலரது கருவியில் சுருள் இருந்தும் அதை யாரும் இயக்கிக் கொடுக்கவில்லை. அடுத்த முறை ஆடியாலஜிஸ்டிடம், அதாவது செவித்திறன் நிபுணரிடம், போகும்போது, “டி புரோகிராமைப் போட்டுக் கொடுங்க” என்று வாயைத் திறந்து கேளுங்கள். புதிதாக வாங்குபவர்கள் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

இப்போது மனவருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். இவ்வளவு செய்த பிறகும் கூடத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பதிவேட்டில் 64 பேர். மாதக் கூட்டத்துக்கு இருபது பேர் வந்தால் அது நல்ல கூட்டம். சந்தா நிலைமையும் அதேதான். இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தாதவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல விரும்பவில்லை. நினைவூட்டுக் கடிதம் மூன்று முறை போனது. பதில் வராதபோது நானே வீடு வீடாகப் போனேன்.

சந்தா கேட்கத்தான் போனேன். ஆனால் ஒரு வீட்டில் பார்த்தது என்னை உலுக்கிவிட்டது. ஒரு காலத்தில் நம் கூட்டங்களில் அதிகம் பேசியவர் அவர். வாசல் மணியை நாலு முறை அடித்த பிறகு அவர் பேத்தி வந்து திறந்தாள். ஐயா உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கருவி எங்கே என்று சைகையில் கேட்டேன். அலமாரி இழுப்பறையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பேட்டரிக் கதவு மூடியபடியே இருந்தது; உள்ளே பேட்டரி வெள்ளை பூத்துக் கிடந்தது. குழாய் மஞ்சளாகி முறுக்கேறியிருந்தது, நுனியில் காதழுக்கு அடைத்திருந்தது. “ஊய்னு கத்துது, எல்லாம் தகரச் சத்தமா கேக்குது, ஒரு வாரம் போட்டேன், விட்டுட்டேன்” என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. பல ஆண்டு நிசப்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென்று குழாய்த் தண்ணீரும் பாத்திரமும் செருப்புச் சத்தமும் சேர்ந்து வந்தால் அப்படித்தான் இருக்கும். பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு தினம் சில மணி நேரம், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டவேண்டும். ‘ஊய்’ என்று கத்தினால் பெரும்பாலும் காதுக்குள் பொருத்தும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. இதை அவருக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் நம் கூட்டத்துக்கு வந்திருந்தால் சொல்வதற்கு இருபது பேர் இருந்தோம்.

60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை.

கருவி போட்டால் மறதி நோயே வராது என்று சென்ற ஆண்டு இந்த மேடையிலேயே ஒருவர் பேசிவிட்டார். அதைத் திருத்துவது என் கடமை. கருவி போட்டால் நினைவாற்றல் சரிவு குறையுமா என்று பார்த்து, 2023இல் வெளியான அச்சீவ் (ACHIEVE) என்ற ஆய்வில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மொத்தக் குழுவில் கருவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நினைவாற்றல் குறையும் அபாயம் அதிகம் இருந்தவர்களிடம், கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. இதுவே போதுமான நல்ல செய்தி. இதற்கு மேல் ஊதிப் பெருக்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மெல்ல மெல்லக் குறைவது வேறு, காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று அடைத்துப்போவது வேறு. அது அவசர நிலை. அழுக்காக இருக்கும் என்று நாள் கடத்தாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நம் உறுப்பினர் ஒருவர் மூன்று வாரம் காத்திருந்து போனார். அந்தக் காது திரும்பவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், லூப் வேலைக்குக் கணிசமான தொகை போனது, நன்கொடைகளால் பெரும்பகுதி ஈடானது, மீதி பொது நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. கையிருப்பு குறைந்திருக்கிறது, ஆனால் கடன் இல்லை. நிலுவைச் சந்தா வந்துவிட்டால் நிலைமை சீராகிவிடும்.

கூடத்தைக் கொடுத்தவர்களுக்கும், முகாமுக்கு வந்த ஆடியாலஜிஸ்டுகளுக்கும், நன்கொடையாளர்களுக்கும், தணிக்கையாளருக்கும், தலைவருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. மூன்று நாள் சுவிட்சுகளோடு நின்ற பொருளாளருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பெருக்கியை இயக்க, மைக்கைச் சரிபார்க்க, கூட்டத்துக்கு முன் ‘டி’யில் வைத்துக் கேட்டுப் பார்க்க, இப்போதைக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். என் வயதும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு பேர் முன்வந்தால் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் இந்தப் பொறுப்பில் இன்னும் எத்தனை காலம் தொடர முடியும் என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் உறுப்பினர்களை அழைத்து வர, தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்தால் நன்றாக இருக்கும். இழுப்பறையில் கருவி இருப்பவர்கள் அதை அப்படியே பெட்டியோடு கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாதமும் கூட்டத்துக்கு அரை மணி முன்னால் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, போட்டுப் பார்க்க உதவுகிறோம். வெள்ளை பூத்த பேட்டரி வைத்திருந்த ஐயா போன மாதம் வந்திருந்தார். இன்றும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

சந்தாப் புத்தகத்தோடு கூட்டம் முடிந்ததும் வாசல் பக்க மேசையில் இருப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்