மலரும் எலும்பும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றறிந்து மகிழ்ந்தேன். சீனர்கள் பௌத்தத்தை மனமுவந்து வரவேற்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாதி உண்மைதான், மறுபாதியான எதிர்ப்பைப் பற்றி நான் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அங்கே எழுந்த எதிர்ப்பில் பெரும்பகுதி தத்துவம் சார்ந்ததன்று. பெற்றோர் தந்த உடலுக்கும் மயிருக்கும் ஊறு செய்யலாகாது என்று கன்பூசிய நெறி சொல்ல, துறவியோ தலையை மழித்தார். மணம் செய்யாமல் முன்னோருக்குப் படையலிட வாரிசு இல்லாமல் செய்தார். போதாக்குறைக்கு, துறவி அரசனை வணங்க வேண்டியதில்லை என்று லூ மலையில் வாழ்ந்த பௌத்தத் துறவி ஹுய்யுவான் 404இல் ஒரு நூலே எழுதினார். துறவிகள் வரியும் செலுத்துவதில்லை, அரசுக்குக் கட்டாய உழைப்பும் தருவதில்லை என்பது அரசவையின் நிரந்தரக் குறை.

கோட்பாட்டையே நேருக்கு நேர் எதிர்த்தவர்களில் கன்பூசிய அறிஞர் ஃபான் ஜென் என் மனத்தைக் கவர்ந்தவர். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய நான்ஜிங்கில், பௌத்தப் பற்றுமிக்க இளவரசர் ஷியாவ் ட்சீலியாங் அவரிடம், வினைப்பயன் இல்லையென்றால் சிலர் செல்வராகவும் சிலர் வறியராகவும் பிறப்பது ஏன் என்று கேட்டார். ஒரே மரத்து மலர்கள் காற்றில் உதிரும்போது சில திரைச்சீலையை உரசிப் பட்டுப்பாயில் விழும், சில வேலி தாண்டி மலக்குழியில் விழும். பாயில் விழுந்தவர் தாங்கள், குழியில் விழுந்தவன் நான், இதில் வினை எங்கே வந்தது என்று திருப்பிக் கேட்டார் ஃபான் ஜென். கத்திக்குக் கூர்மை எப்படியோ உடலுக்கு உயிர் அப்படி. கத்தி போனபின் கூர்மை மட்டும் தனியே நிற்குமா என்பது அவருடைய மைய வாதம். வாதத்தைக் கைவிட்டால் உயர்பதவி கிடைக்கும் என்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். கருத்தை விற்றுப் பதவி வாங்குவதாக இருந்தால் இதைவிடப் பெரிய பதவியை எப்போதோ வாங்கியிருப்பேன் என்று சிரித்துவிட்டாராம். பின்னர் ஆண்ட பேரரசர் லியாங் வூ, தம்மைத் தாமே விகாரைக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து, அமைச்சர்கள் பொருள் கொடுத்து மீட்கும்படி செய்த அளவுக்குப் பௌத்தர். அவரும் அறுபதுக்கு மேற்பட்டோரை மறுப்பு எழுதவைத்தாரே தவிர, ஃபான் ஜென்னின் தலையை வாங்கவில்லை. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான்.

819இல் கன்பூசிய எழுத்தாளரும் அரசு அதிகாரியுமான ஹான் யூவுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஃபாமென் விகாரையிலிருந்த புத்தரின் விரலெலும்பைப் பேரரசர் ஷியான்ட்சொங் அரண்மனைக்கு வரவழைத்தபோது, அந்த அழுகிய எலும்பை நீரிலும் நெருப்பிலும் இடுங்கள் என்று அவர் விண்ணப்பம் எழுதினார். பேரரசரை உண்மையில் சுட்டது, புத்தரைப் போற்றிய அரசர்களுக்கு ஆயுள் குறைவு என்ற வரிதான். மரண தண்டனையிலிருந்து தப்பி, தண்டனையாகத் தென்கோடியிலிருந்த சாவ்சோவுக்கு அனுப்பப்பட்டார் ஹான் யூ.

ஹான் யூ கேட்டதைவிடப் பன்மடங்கு கடுமையாக 845இல் பேரரசர் வூட்சொங் செய்துகாட்டினார். 4,600க்கும் மேற்பட்ட விகாரைகள் இடிக்கப்பட்டன. 2,60,500 துறவியர் இல்லறத்துக்குத் திருப்பப்பட்டு வரிப்பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். விகாரைகளின் 1,50,000 அடிமைகளும் அதே பதிவேட்டுக்கு வந்தனர். வெண்கலச் சிலைகளும் மணிகளும் உருக்கப்பட்டு நாணயமாயின, இரும்பு உழவுக் கருவியாயிற்று. வூட்சொங் சீனத்தின் சொந்த மதமான தாவோவில் ஊறியவர் என்பது உண்மையே; ஆனால் ஆணையின் கணக்கைப் பார்த்தால் பக்திப் பூசலைவிடக் கருவூலத்தின் பசியே எனக்குத் தெரிகிறது.

மறு ஆண்டே வூட்சொங் இறந்தார். அடுத்து வந்தவர் தடைகளைத் தளர்த்தினார். 873இல் இன்னொரு பேரரசர், யீட்சொங், அதே எலும்பைத் தலைநகருக்கு வரவழைத்துப் பெருவிழா எடுத்தார், சில மாதங்களில் காலமுமானார். ஷியான்ட்சொங்கும் தம் விழாவுக்கு மறு ஆண்டு, 820இல், மறைந்தவர்தான். ஹான் யூவின் அந்த ஒரு வரியை ஃபான் ஜென் படித்திருந்தால், இதுவும் வெறும் காற்றின் வேலைதான் என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கண்ணுக்கு அதிக வேலை கொடுக்காமல் நிதானமாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்