டிரங்குப் பெட்டியைத் திறக்காதே, கோமதி

மேற்கு மாம்பலம்,
சென்னை.

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லாரும் சுகம். அண்ணனுக்கு முட்டிவலி தேவலையா? ஃபோன்ல சொன்னா பாதியிலேயே வெட்டிப் பேசுவே, அதான் எழுதறேன்.

சுதா வளைகாப்பு முடிஞ்சு நம்ம வீட்டுக்கு வந்துட்டா. சித்திரைக் கடைசியில நாள் சொல்லியிருக்காங்க, நல்ல கத்திரி வெயில்ல. நீ அனுப்பறேன்னு சொன்ன உங்க அம்மாவோட சுங்குடிப் புடவை, அப்பாவோட மல் வேட்டி எதையும் அனுப்பாதேடி. கோபப்படாம முழுசாப் படி. அந்தப் புடவையில தூளி கட்டணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியும். ஆனா அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாலே கூடம் பூரா பாச்சை உருண்டை நெடி அடிக்குமே!

கீழ் வீட்டு அக்கா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. பாச்சை உருண்டையில இருக்கறது நாப்தலின். சில குழந்தைங்களுக்குப் பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்தற ஒரு நொதி குறைச்சலா இருக்கும், ஜி6பிடி-ன்னு பேரு. ஆம்பளைப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அப்படிப்பட்ட குழந்தை அந்த நெடி ஏறின துணியில படுத்தா சிவப்பணு உடைஞ்சு மஞ்சள் காமாலை மளமளன்னு ஏறிடும். மிஞ்சிப் போனா மூளையையே தாக்கிடும். எண்ணெய் தேய்ச்ச உடம்புல அந்த நாப்தலின் இன்னும் சீக்கிரமா உள்ளே இறங்குமாம். நாம தினம் எண்ணெய் தேய்ச்சுத்தானே குளிப்பாட்டுவோம்! 1963-லயே கிரேக்க நாட்டு டாக்டர்கள் இதைப் பத்தி எழுதிட்டாங்க. இவ்வளவு வருஷமா நம்ம யார் காதுலயும் விழலையே.

"நம்ம பிள்ளைங்க எல்லாம் அந்தத் துணியில வளரலையா?"ன்னு கேப்பே. வளர்ந்துது, அதுங்களுக்கு அந்தக் குறை இல்லாம இருந்திருக்கும். வரப்போற குழந்தைக்கு இருக்கா இல்லையான்னு ரத்தத்தைப் பார்க்காம யாருக்குத் தெரியும்? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயமா இது?

மத்ததெல்லாம் தயார். பிறக்கறதுக்கு முன்னாடி புதுசு வாங்கக் கூடாதுன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. ரங்கநாதன் தெருவுல ஒரு சட்டையைக் கையில எடுத்துப் பார்த்தேன். கழுத்தைச் சுத்தி நைலான் லேஸ், உள்பக்கம் தையல் முள்ளு மாதிரி நிக்குது. பெருவிரலால தேய்ச்சா எனக்கே உறுத்துது, நேத்துப் பிறந்த தோல் தாங்குமா? அதனால இவரோட பழைய வேட்டியைக் கிழிச்சு, முன்பக்கம் முடிச்சுப் போடற ஜபலாவா நானே தைச்சுட்டேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி. இடுப்புத்துணியும் அதே வேட்டியிலதான்.

வேற என்னென்ன வேணும்னு சுதா செல்ஃபோனைப் பார்த்துப் பார்த்து நீளமா ஒரு பட்டியல் போட்டா. நம்ம செல்விக்குப் பேரன் பிறந்தப்போ கவர்மென்ட் ஆஸ்பத்திரியில குடுத்த பெட்டகம் எனக்கு ஞாபகம் வந்துது. 2015-ல ஆரம்பிச்சாங்களே, அதுதான். 16 பொருள். துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை, நகவெட்டி, பெத்தவளுக்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் வரைக்கும் இருந்துது. அதுக்கு மேல ஒரு குழந்தைக்கு என்னடி வேணும்? சுதா பட்டியல்ல பாதியை அடிச்சுட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா, சரியாயிடும்.

நீ இப்ப செய்ய வேண்டியது இதுதான். தினம் கட்டித் துவைச்சு நைஞ்சுபோன புடவை ரெண்டு, கொடியிலேருந்து நேரா எடுத்து மடிச்சு பார்சல் போடு. பீரோவுல வைக்காதே. கற்பூரம் போட்டு வச்சதும் வேண்டாம், பச்சைக் குழந்தைக்கு அதுவும் ஆகாது. அம்மா புடவை உன்கிட்டயே இருக்கட்டும். பொண்ணாப் பிறந்தா, வளர்ந்தப்புறம் அதுல பாவாடை தைச்சுக்கலாம்.

அழகர் மலைக்குத் திரும்பினதும் வைகை எக்ஸ்பிரஸ்ல ஏறி வந்துடு. பரண்ல உங்க வீட்டுத் தூளிக்கம்பு கிடக்குமே, கரையான் அரிக்காம இருந்தா அதையும் எடுத்துட்டு வா.

உன்,
சிவகாமி