இன்ஜினை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய காரில் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டதுமே ‘இன்ஜினை இறக்கியாகணும்’ என்று சொல்லிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அரை மணி நேரச் சோதனையில் தெரிந்துவிடும் கோளாறுக்கு, கார்க்காரர் பல ஆயிரம் ரூபாய் அழுவது நியாயமே இல்லை. கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐயே எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர்.

முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ வண்டியை உடனே அணைத்துவிட வேண்டும். ஆயில் சரியாக இருந்தால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ வாட்டர் பம்ப்பிலோதான். இன்ஜின் உச்சியில், வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவர் பக்கம் தையல் மெஷின் போல லேசாகத் தட்டினால், டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தாலே போதும். குளிர்ந்த இன்ஜினில் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் தேய்மானம், அவசரமில்லை.

மேடேறும்போது டாப் கியரில் மட்டும் கிணுகிணுத்து, கியரைக் குறைத்ததும் மறைகிறதா? அது பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) சத்தமே அல்ல. டைமிங் ஏறியிருக்கும், அதாவது பிளக்கில் பொறி முன்கூட்டியே விழும்; அல்லது உள்ளே கார்பன் படிந்திருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், டைமிங்கைக் கட்டுப்படுத்தும் சின்ன ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோனால், ஐடிலிங்கில் டைமிங் சரியாகவே காட்டும். ரேஸ் செய்ததும் அளவுக்கு மீறி ஏறும். ஐடிலிங்கில் மட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்ப்பவர்களிடம் இந்தக் கோளாறு சிக்குவதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. எத்தனால் இந்தக் கிணுகிணுப்பைத் தடுக்கக்கூடியது. ஆனால் பழைய கார்புரேட்டரில் அதனால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து சூடு ஏறலாம் என்பதால், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டைக் கவனிக்க வேண்டும்.

ரேஸ் செய்யச் செய்ய அடியிலிருந்து கனமாகத் தட்டினால்தான் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, முனையை எர்த் செய்துவிட்டு (இன்ஜின் உலோகத்தோடு இணைத்துவிட்டு) மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று சிலிண்டரையும் இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது தட்டல் சட்டென்று குறைகிறதோ, அதன் பிக் எண்ட் பேரிங்கிலோ (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடம்) பிஸ்டன் பின்னிலோதான் (ராடு பிஸ்டனோடு சேரும் இடம்) தேய்மானம். எதை நிறுத்தினாலும் மாறவில்லை என்றால் கிராங்கை இன்ஜின் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ கார்களில் இப்படிச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அவற்றில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் போதும்.

அடுத்து, ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். செம்பு நிறத்தில் பொடி மின்னினால் பேரிங் போனது உறுதி. அதன்பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். கனெக்டிங் ராடு உடைந்தால் பிளாக்கையே துளைத்துவிடும். கிராங்கில் கோடு விழாத நிலையில் பிடித்துவிட்டால் பேரிங் ஷெல்லை மாற்றுவதோடு முடியும்; கோடு விழுந்திருந்தால்தான் கிராங்க் கிரைண்டிங் (கிராங்கைத் தேய்த்துச் சமமாக்குவது), இன்ஜின் இறக்கும் வேலை எல்லாம். இந்தச் சோதனைகளைக் கார்க்காரர் கண்ணெதிரே செய்துகாட்டிவிட்டு எஸ்டிமேட் கொடுங்கள் என்று பட்டறை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

– கார் மெக்கானிக்குகள் சிலர், கோவை