சிறப்பு வகுப்பறையும் பாட ஆசிரியரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதையும் ஒவ்வொருவர் அருகிலும் ஓர் உதவியாளர் அமர்ந்திருப்பதையும் அவற்றின் பெரும் பலங்களாகக் காட்டியிருந்தது. முதலாவதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதைப் பற்றி, அத்தகைய வகுப்பறைகளில் சிறப்பாசிரியராகப் பல காலம் பணியாற்றியவள் என்ற முறையில், சற்றே மாறுபட விரும்புகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு குழுவினர் நடத்தி 2009இல் இறுதி அறிக்கை வெளியிட்ட ஆய்வில், உதவியாளரின் துணையை அதிகம் பெற்ற மாணவர்கள், தங்களை ஒத்த பிற மாணவர்களைவிடப் பாடங்களில் குறைவாகவே முன்னேறியிருந்தது தெரியவந்தது. உதவியாளர்களை இதற்காகக் குறை சொல்வது நியாயமாகாது. அன்றைய பாடத்தைப் பற்றி ஆசிரியருடன் பேசிக்கொள்ள அவர்களுக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. கற்றதைவிடக் கொடுத்த வேலை முடிந்ததா என்பதே அவர்களின் கவலையாகிப் போனது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான பேச்சும் குறைந்தது. அந்த ஆய்வு பெரும்பாலும் பொது வகுப்புகளைப் பற்றியதுதான் என்றாலும், ஒரே சிறப்பாசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்தும் வகுப்பறையில் பாட ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு ஏற்படும் இந்த விலகல் இன்னும் கூடுதலாகிறது.

தொடக்கப் பள்ளியில் ஒருவரே எல்லாம் நடத்துவது போதும். பதினான்கு வயது மாணவருக்கு இயற்கணிதமும் வேதிச் சமன்பாடும் வந்துவிடுகின்றன. பின்னங்களைக் கூட்டும்போது ஒருவர் தவறினால், பகுதி, தொகுதி என்பவற்றின் பொருளே அவருக்குப் பிடிபடவில்லையா, அல்லது பொருள் புரிந்தும் இடையிலுள்ள படிகள் நினைவில் நிற்கவில்லையா என்று பார்க்க வேண்டும். முதலாவதைக் கணித ஆசிரியர் சட்டென்று கண்டுகொள்வார். இரண்டாவது சிறப்பாசிரியரின் கண்ணில்தான் முதலில் படும். இருவரும் ஒரே அறையில் இல்லாவிட்டால் பாதி நோயறிதலுடன் மருந்து கொடுப்பதாகவே முடியும். பாட ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி இல்லையே என்று தலைமையாசிரியர்கள் சொல்வதுண்டு. சிறப்பாசிரியருடன் சேர்ந்து நடத்தும் வகுப்பைவிட நல்ல பயிற்சி எது என்று எனக்குத் தெரியவில்லை.

உதவியின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிகளாக நீட்டினாலே பதில்கள் விரிவடைந்து, பேசாதிருந்தவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். கேட்டதைப் புரிந்துகொள்ளவே கூடுதல் நேரம் எடுக்கும் மாணவருக்கு மூன்று நொடியும் போதாது. அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர் அன்பு மிகுதியால் பதிலின் பாதியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

தேர்வில் மாணவர் சொல்வதைக் கேட்டு எழுதுபவரை நியமிக்கும் சலுகையிலும் இப்படியே நடக்கிறது. வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து, நிறுத்தக்குறியோடு சொல்லி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லித் திருத்துவது தனித் திறன். அதைப் பொதுத்தேர்வு நாளில் முதன்முறையாகச் செய்யச் சொல்வது சலுகை ஆகாது. ஈராண்டுகளுக்கு முன்பே வகுப்புத் தேர்வுகளில் பழக்க வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு மாணவரின் தனிநபர் கல்வித் திட்டத்திலும் பாட ஆசிரியர்கள் சிறப்பு வகுப்பறைக்கு வரும் பாடவேளைகளும், உதவியாளருடன் அவர்கள் கலந்துபேசும் நேரமும் குறிக்கப்பட வேண்டும். எந்தெந்த உதவி எப்போது குறைக்கப்படும் என்பதையும் அதில் எழுத வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் பெற்றோருடன் மாணவரும் அமர்ந்து, எது தனக்கு இனித் தேவையில்லை என்று தானே சொல்ல இடம் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர் ஒருவர்