ஓகே பிறந்தது போர்க்களத்தில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'ஓகே' எப்படி வந்தது என்று ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவர்கூடச் சாகாத நாளில் முகாமில் 'ஜீரோ கில்டு' (0 Killed) என்று எழுதி வைப்பார்களாம், அது சுருங்கி ஓகே ஆனதாம். வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் கதைதான் இது. ஆனால் உங்கள் பத்திரிகையில் வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அப்படியே நம்பி நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் போர் தொடங்கியது 1861இல். ஓகே அதற்கு 22 வருஷம் முன்பே, 1839 மார்ச் 23 அன்று, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அச்சாகிவிட்டது. அப்போது பாஸ்டன் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. சொற்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பதில் ஏ-க்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே, அவ்வளவுதான் ஓகே! 'ஆல் ரைட்' இதே மாதிரி பிழையாக 'oll wright' என்றாகி 'ஓ.டபிள்யூ.' ஆனது, அது இன்று யாருக்கும் தெரியாது.

சரி, ஓகே மட்டும் எப்படி நிலைத்தது? 1840 அமெரிக்க அதிபர் தேர்தல்தான் முக்கியக் காரணம். அதில் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக், அதனால் அவருக்கு 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர், ஆதரவாளர்கள் 'ஓகே கிளப்' என்றே மன்றம் வைத்து ஓட்டுக் கேட்டார்கள். அவர் தோற்றுப்போனார், ஆனால் ஓகே ஊரெல்லாம் பரவிவிட்டது. அப்புறம் தந்தி வந்தபோது அதற்கும் வசதியான சுருக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் பழைய நாளிதழ்களைத் தேடித்தேடிப் படித்து, 1963-64இல் கட்டுரைகளாக எழுதி நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். அதுவரை ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சனே இது சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் சொல் என்று நம்பி 'ஓகே' என்பதை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதிவந்தார். இப்படி ஒரு மனிதர் பாடுபட்டுக் கண்டுபிடித்த உண்மை கையில் இருக்கும்போது, ஆதாரமே இல்லாத போர்க்களக் கதை எதற்கு?

தயவுசெய்து அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், திருநெல்வேலி