பாட்டி விரல் வைத்துப் படித்த தாள்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள மச்சான்,

நலமா? அத்தைக்கு முட்டி வலி தேவலையா? இங்கே சாயங்காலமானால் மழைதான். ரப்பர் பால் வெட்டு இருந்த காலமாக இருந்தால் பாதிப் பேருக்கு வேலை இருந்திருக்காது. இப்போது எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. மழை யாருக்கும் பெரிய செய்தி இல்லை.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்துப் பெரியவர்களைப் பற்றி நான் எழுதி வைத்த குறிப்புகள் எப்படிப் புத்தகம் மாதிரி தாளில் வந்தன என்றுதானே கேட்டாய்? உன்னிடமும் அத்தை சொன்ன கதைகள் இருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசிச் செயலி ஒன்றில்தான் எழுதி வந்தேன். கைப்பேசி உடைந்த அன்று பதினொரு குறிப்புகள் போயின. அதில் மூன்று, இப்போது நம்மோடு இல்லாதவர்கள் சொன்னவை. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகுதான் சிம் (Zim) என்ற குறிப்பெழுதும் மென்பொருளுக்கு மாறினேன். இலவசம். அதில் ஒரு பக்கம் எழுதினால் கணினியில் ஒரு சாதாரண உரைக் கோப்பாகவே உட்கார்ந்திருக்கும். நாளைக்கே சிம் இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். எனக்கு அது ஒன்றே போதும்.

சரி, வெளியே எடுப்பதற்கு வருகிறேன். அதை ஏற்றுமதி என்கிறார்கள். ஹெச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்), லேடெக், மார்க்டவுன் என்று சில வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுக்கலாம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகவும் எடுக்கலாம். எந்த உருவத்தில் வரவேண்டும் என்று சொல்வதுதான் வார்ப்புரு, அதாவது டெம்ப்ளேட். புகைக்கூடத்தில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைக் கட்டாகக் கட்டி, எழுத்து வெட்டிய தகட்டை மேலே வைத்து மையைப் பூசுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? தகடு ஒன்றுதான், கட்டுகள்தான் மாறிக்கொண்டே போகும். வார்ப்புருவும் அப்படித்தான். சதுர அடைப்புக்குள் சதவிகிதக் குறி போட்டு, இந்த இடத்தில் பக்கத்தின் தலைப்பு, இந்த இடத்தில் பக்கத்தின் உள்ளடக்கம் என்று எழுதியிருக்கும். மற்றதெல்லாம் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி. மென்பொருளோடு வரும் வார்ப்புருவைப் படியெடுத்து, வேறு பெயர் கொடுத்து, அதில் ஒவ்வொரு வரியாக மாற்றிப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். தமிழுக்கு வரி இடைவெளி அதிகம் வேண்டும் மச்சான். இல்லையென்றால் மேல் வரி எழுத்துகளின் காலும் கீழ் வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும்.

முதல் தடவை எடுத்தபோது தலைப்பு எதுவுமே தலைப்பாக வரவில்லை. காரணம் வார்ப்புருவில் இல்லை, என் பக்கங்களில் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டுக் களம்", பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் "ஆயாக் கொட்டகை" என்று எழுதிய இடங்களிலெல்லாம் நான் எழுத்தைத் தடிப்பாக்கி மட்டும் வைத்திருந்தேன். கண்ணுக்கு அது தலைப்பு, ஆனால் மென்பொருளுக்கு அது வெறும் தடித்த எழுத்து. கண்ட்ரோல் விசையும் 1 என்ற எண்ணும் சேர்த்து அழுத்தினால் பெரிய தலைப்பு, இரண்டு என்றால் அடுத்த நிலை. அறுபத்து மூன்று பக்கங்களையும் உட்கார்ந்து திருத்தினேன், நான்கு இரவு. நீ தொடங்கும்போதே அப்படிச் செய்துவிடு.

அடுத்து, கோவில் அலுவலகத்துப் பழைய கணினியில் திறந்து காட்டினால் தமிழே இல்லை! கொம்பு வைத்த ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி அதே ஏ என்று பக்கம் முழுக்க. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதைச் சொல்லும் ஒரு வரி வார்ப்புருவின் தலைப் பகுதியில் இருக்க வேண்டும். நான் மாற்றி எழுதும்போது அந்த வரியை அழித்திருக்கிறேன். என் கணினி தானாகப் புரிந்துகொண்டது, பழைய கணினி மூன்று பைட்டையும் மூன்று எழுத்தாகக் காட்டியது. வரியைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது.

இப்போது என்னிடம் இரண்டு வார்ப்புருக்கள் இருக்கின்றன. ஒன்று தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு: முன்னால் பொருளடக்கம், சாதாரண அளவு எழுத்து. இன்னொன்று கதை சொன்னவர்களுக்கே கொடுக்க: இருபது புள்ளி எழுத்து, படம் பெரிதாக, வேறு ஒன்றும் இல்லை. தோட்டத்து வரிசை வீடுகளான நம் பழைய லயத்து மூன்றாம் வீட்டுப் பாட்டிக்கு அந்தப் பெரிய எழுத்துத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து, வாய்விட்டே படித்தார். 1948-ல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் வந்து லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதைப் படிக்கும்போது விரல் கொஞ்ச நேரம் நகரவில்லை. அப்புறம் 1960-ல் அன்றைய அமைச்சர் சம்பந்தன் தொடங்கிய, தோட்டங்களை வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா சேர்ந்த கதை. அந்த இடத்தில் முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, "இது தப்பு தம்பி" என்றார். பால் பிடிக்கும் மங்கில் உறைவதுதான் கட்டிப்பால், மரத்து வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். நான் இரண்டையும் மாற்றி எழுதியிருந்தேன்.

இதில்தான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. முன்பு ஒருமுறை இப்படி ஒரு திருத்தத்தை ஏற்றுமதியாகி வந்த கோப்பிலேயே செய்துவிட்டேன். அடுத்த தடவை எடுத்தபோது பழைய பிழை அப்படியே வந்து நின்றது. இந்த முறை சிம்மில் இருக்கிற மூலப் பக்கத்தில் திருத்தி, இரண்டு வார்ப்புருவிலும் மறுபடி எடுத்தேன். பாட்டியின் தாளிலும் சரியானது, பள்ளிக்குப் போகும் தொகுப்பிலும் சரியானது. வெளியே வந்த கோப்பில் ஒருபோதும் கை வைக்காதே மச்சான்.

ஏற்றுமதியாகும்போது படங்கள் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு தனி அடைவில் (ஃபோல்டரில்) போய் உட்காரும். கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் வராது. இரண்டையும் ஒன்றாக ஜிப் செய்து அனுப்பு.

என் இரண்டு வார்ப்புருக்களையும் மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். எழுத்தின் அளவை மட்டும் அத்தையின் கண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள். அத்தை ஆயாக் கொட்டகையில் நம்மையெல்லாம் பார்த்துக்கொண்ட நாட்களைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. உட்கார்ந்து கேட்டு எழுதிவிடு, பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு வரும்போது அந்தக் கோப்பையும், கொட்டகை வாசலில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் மறக்காமல் கொண்டு வா. ஸ்கேன் செய்ய இங்கே இயந்திரம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்