ஒன்பது நாள் தண்ணீருக்கு

அன்புடையீர்,

ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டுக்கு அடிகுழாய் வேலைக்காகப் போயிருந்த நான் ஊர் திரும்பி வெகுநாள் ஆகிவிட்டது. போவதற்குப் பணம் போட்டவர்கள், பெட்டி கட்டித் தந்தவர்கள், அங்கே சோறு போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு நன்றி மடல் எழுதிவிட வேண்டும் என்று வந்த நாள் முதலாக நினைக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஓர் இடத்தில் பேனா நின்றுவிடும். காரணம் எனக்குத் தெரியும். அங்கிருந்து நான் அனுப்பிய கடிதங்கள் எதிலும் சொல்லாத ஒன்றை இதில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அது பாதி நன்றிதான்.

முதலில் ஊர்க் கணக்கை முடித்துவிடுகிறேன். விமான டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்த பதினேழு பேரும் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர்கள். விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் நிரப்பித் தந்தது என் அண்ணன் மகள். "வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, யார் வீட்டுக் குழாயையாவது பிரித்துப் போட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள், போய்விட்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தவள் என் மனைவி. இவர்களுக்கெல்லாம் நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

நான் முப்பது வருடம் அடிகுழாய் பழுது பார்த்தவன். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நான் பிரித்துப் பூட்டாத மார்க் 2 பம்பு குறைவு. 1970களில் நம் நாட்டில் உருவாகி, கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போன பம்பு அது. அந்தப் பெருமையைத் தலையில் சுமந்துகொண்டுதான் 2022 அக்டோபரில் அடிஸ் அபாபாவில் விமானம் மாறி பிளாண்டயரில் இறங்கினேன். அங்கிருந்து முலான்ஜே மாவட்டத்தில் ஒரு கிராமம். சமவெளியிலிருந்து திடீரென்று எழும் பாறை மலை, உச்சி மூவாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அடிவாரத்தில் தேயிலைத் தோட்டங்கள். வால்பாறைக்குத்தான் வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. சிறுவர்கள் "அம்வென்யே! அம்வென்யே!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். இந்தியர் என்று பொருளாம்.

ஊர்த் தலைவர் வரவேற்றுப் பேசும்போது அவர்களுடைய சிச்சேவா மொழிப் பழமொழி ஒன்றைச் சொன்னார்: விருந்தாளிதான் கூரான சவரக்கத்தியோடு வருகிறவன். உள்ளூர்க்காரர்களால் அறுக்க முடியாததை வெளியிலிருந்து வந்தவன் அறுத்துவிடுவான் என்று அர்த்தம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதை மொழிபெயர்த்துச் சொன்ன பள்ளி ஆசிரியருக்கு இங்கே தனியாக ஒரு நன்றி. நான் பேசிய வீறாப்புப் பேச்சையெல்லாம் பாதியாகக் குறைத்துத்தான் ஊராருக்குச் சொன்னேன் என்று, நான் கிளம்புவதற்கு முதல்நாள் ஒப்புக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

அங்கே இருப்பது ஆஃப்ரிடெவ் பம்பு. மார்க் 2-இல் உள்ளே ஒரு வாஷர் மாற்ற வேண்டுமென்றால் பொதுவாகக் குழாய் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். ஆஃப்ரிடெவில் குழாய் அப்படியே ஆழ்துளைக் கிணற்றுக்குள் தொங்கும். கம்பிகளை மட்டும் கையாலேயே கொக்கி கழற்றி எடுத்துவிடலாம். ஒரே ஒரு ஸ்பானர் போதும். ஊர்ப் பெண்களே பழுது பார்த்துக்கொள்ளட்டும் என்று 1980களில் கென்யாவிலும் மலாவியிலும் வைத்து உருவாக்கியது. கிராமத்துத் தண்ணீர்க் குழுவில் பெரும்பாலும் பெண்கள்தான். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்து, நோட்டில் எழுதி, உதிரிப் பாகம் வாங்குவார்கள். நான் அங்கே போயிருந்த 2022இல் அந்த நாட்டுப் பணமான குவாச்சாவின் மதிப்பை அரசு 25 சதவீதம் குறைத்திருந்தது. ரப்பர் சீல் விலைகூட ஏறிப்போயிருந்தது. என்னை அனுப்பிய அமைப்பு தருவதாகச் சொன்ன உதிரிப் பாகப் பெட்டி மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த அமைப்பின் பெயர் வேண்டாம். அதற்கும் நன்றி, பெட்டி வந்ததே.

இனி அந்த விஷயம்.

டிசம்பர் தொடக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது. முப்பது அடி அடித்தால்தான் குடத்தில் விழும். குழுவின் பொருளாளர் அம்மா, கைக்குழந்தையைச் சிதேஞ்சேத் துணியில் முதுகோடு கட்டியபடி, "ரப்பர் தேய்ந்திருக்கும், முதலில் அதைப் பார்ப்போம்" என்றார். நான் கைப்பிடியை நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, குழாய் விரிசல் விட்டிருக்கிறது, மேலே எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். முப்பது வருட அனுபவம் அல்லவா! பிளாஸ்டிக் குழாய், மூன்று மூன்று மீட்டராகப் பன்னிரண்டு, பசை போட்டு ஒட்டியது. கழற்ற முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த இரும்புப் பிடிப்பானை மாட்டினேன். அந்த அம்மா ஏதோ கேட்டார். ஆசிரியர் சொன்னார்: "கயிறு கட்டவில்லையா என்று கேட்கிறார்." நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கேட்கிறது.

இரும்புக் குழாயைப் பிடிக்கிற பிடிப்பான் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. முதல் துண்டை அறுத்து எடுத்த மறுநிமிடம் மிச்சக் குழாய் வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. நீளமாக ஒரு உரசல், கடைசியில் ஒரு 'தொப்'. அவ்வளவுதான்.

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "பெபானி" என்றார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதற்கும் அந்தச் சொல்தான். அடுத்தவர் தடுக்கி விழுந்தால் அடடா என்று பரிந்து சொல்வதற்கும் அதே சொல்தான். நான் அவர்களிடம் சொல்ல வேண்டிய சொல்லை அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

அது காலராக் காலம். அந்த நாட்டின் வரலாற்றிலேயே மிக மோசமான காலரா அந்த 2022-23இல் பரவியது. முடிவதற்குள் 1,700 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஊரின் நல்ல தண்ணீரை நான் நிறுத்திவிட்டேன். ஒன்பது நாள். பெண்கள் விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊர்ப் பம்புக்குப் போனார்கள். அங்கே வரிசை நீண்டால் ஆற்றுக்குப் போனார்கள். முதல் மழை இறங்கி ஆறு செம்மண்ணாக ஓடியது. சுகாதார உதவியாளர் ஒருவர் சைக்கிளில் வந்து வீடு வீடாகக் குளோரின் கொடுத்தார். நான் ஒவ்வொரு காலையும் எழுந்ததும், யார் வீட்டிலாவது வயிற்றுப்போக்கா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஊரில் யாருக்கும் வரவில்லை. அதற்கு நன்றியை யாருக்குச் சொல்வது? அந்தச் சைக்கிள்காரருக்கும், சலிக்காமல் தண்ணீரைக் கொதிக்கவைத்த அடுப்புகளுக்கும் சொல்கிறேன்.

அந்த ஒன்பது நாளும் என் அறை வாசலில் காலை ஆறு மணிக்கு ஒரு வாளி வெந்நீர் இருந்தது. குளிக்க. வீட்டுக்கார அம்மா தினமும் வைப்பதுதான். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது, அந்த வாளி எங்கிருந்து நடந்து வருகிறது என்று. ஓடிப்போய், எனக்கு வேண்டாம், நான் குளிக்காமல் இருந்துகொள்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஊர்த் தலைவர் சொல்லாத இன்னொரு பழமொழியைச் சொன்னார்: விருந்தாளி பனித்துளி. வெயில் வந்தால் போய்விடுகிறவன்தானே, அவனோடு என்ன கணக்கு என்பது போல. நம் ஊரில் விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்போம். நான் அதற்குள் இரண்டு மாதம் இருந்தாகிவிட்டது.

எதிர்வீட்டு அகோகோவை, அதாவது பாட்டியை, மறக்கவே முடியாது. அந்த ஊரில் காலை வணக்கம் என்பதே ஒரு கேள்வி: "ம்வட்ஸுக்கா ப்வாஞ்சி?" எப்படி எழுந்தீர்கள்? நன்றாக எழுந்தேன், நீங்கள்? இதை முடிக்காமல் எந்தப் பேச்சையும் தொடங்கக் கூடாது. நம்மைப் போலவே அவர்களுக்கும் நீ வேறு, நீங்கள் வேறு. குழாய் விழுந்த மறுநாள் தலை குனிந்தபடி அவர் வீட்டைக் கடந்து போகப் பார்த்தேன். பாட்டி விடவில்லை, குரலை உயர்த்தி, 'நீங்கள்' போட்டு, எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டு, நான் பதில் சொல்லும் வரை நின்றார். ஒன்பது நாளும் நின்றார்.

குழாயை எடுத்தது நான் அல்ல. முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சைக்கிளில் வந்த மெக்கானிக் ஒருவர். கொல்லுப் பட்டறையில் கம்பி நுனியைக் காய்ச்சி முள் முள்ளாக அடித்து வாங்கி, அதைக் கயிற்றில் இறக்கி, குழாய்க்குள் குத்திச் சிக்கவைத்தார். இரண்டு தடவை நழுவியது. ஒன்பதாம் நாள் மதியம் இருபது பெண்கள் கயிற்றை இழுத்தார்கள்; நானும் வரிசையில் கடைசி ஆளாக நின்று இழுத்தேன். குழாயில் விரிசல் எதுவும் இல்லை. ரப்பர் தேய்ந்திருந்தது. பொருளாளர் அம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் புது ரப்பரை நீட்டினார். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு மரியாதையாகப் பாடம் நடத்தியதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் எனக்கு மலேரியா. அரசு சுகாதார நிலையத்தில் விரலில் ஒரு குத்து, கால் மணி நேரத்தில் முடிவு, வேளைக்கு நாலாக மூன்று நாளைக்கு மாத்திரை, காசு கிடையாது. வெறும் வயிற்றில் போடாதே, கொழுப்புள்ள உணவோடு போடு என்று அதட்டிய செவிலியருக்கு நன்றி. அதைக் கேட்டுவிட்டுப் பாட்டி நிலக்கடலை மாவு போட்டு வேகவைத்த பூசணிக் கொழுந்தும் என்சிமாவும் அனுப்பினார். என்சிமா வேறொன்றுமில்லை, மக்காச்சோளக் களி. துடுப்பால் கிண்டுவதும் நம் ஊர் மாதிரியேதான். தருமபுரிக்காரனுக்குக் களி சாப்பிடச் சொல்லித்தர வேண்டுமா? நான் மெல்லாமல் விழுங்குவதைப் பார்த்துப் பாட்டிக்கு ஏகச் சிரிப்பு. அந்த மாதங்களில் அங்கே பழைய மாவு தீர்ந்து புது அறுவடை வராத பஞ்சம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாட்டி ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் ஃபிரெடி புயல். அதை எழுதப்போனால் இது வேறு மடலாகிவிடும். பள்ளி வகுப்பறைகளில் மக்கள் படுத்திருந்தார்கள். அந்தப் பம்பு பகல் இரவாக ஓடியது. அதைச் சொன்னால் போதும்.

அக்டோபரில் கிளம்பும்போது பொருளாளர் அம்மாவிடம் அந்த டிசம்பர் செலவை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பட்டறைக் கூலி, மெக்கானிக் கூலி, பசை, எல்லாம். அவர் நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். தேதி இருந்தது, தொகை இருந்தது. 'பம்பு பழுது' என்று இருந்தது. யாரால் என்று இல்லை. பணத்தைத் தள்ளிவிட்டார். நான் விடாமல் நிற்கவே, சரி, ஒன்றுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று எண்ணி எடுத்துக்கொண்டு, என் முன்னாலேயே புது வரி ஒன்று எழுதினார். ஆசிரியர் வாசித்துச் சொன்னார்: கயிறு, ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அடிகுழாய் மெக்கானிக்,
தருமபுரி